டோர்செற் கோபுரத்தில் எடுத்த படம்

மோர்னிங்சைட், ரொறன்ரோ
30.08.1998

அன்புள்ள மச்சாள்,

முதலில் உங்கள் முழங்காலைப் பற்றிச் சொல்லுங்கள். படி ஏறுவதுதான் பெரும்பாடு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். வீட்டுக்கார இராசரத்தினம் ஐயாவிடம் கீழ் அறையைக் கேட்டுப் பார்த்தீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் மாடியில் இருந்தாலும் லிப்ற் இருக்கிறது. அது பழுதான நாளில் மட்டும் உங்களை நினைத்துக்கொண்டு ஏறுகிறேன்.

ஒரு புதினம் சொல்லவேண்டும். எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலில் வருடா வருடம் கலண்டர் அடிப்பது உங்களுக்குத் தெரியும்தானே. இவ்வளவு காலமும் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு புனிதர்கள். இந்த முறை கூட்டத்தில் சுவாமியார், "ஆண்டவர் படைச்ச மலையும் தண்ணியும் இந்த நாட்டிலை எவ்வளவு கிடக்குது. நாங்கள் வேலைத்தலத்தையும் வீட்டையும் விட்டால் ஒண்டும் பாக்கேல்லை. இந்த வருசம் அதுகளைப் போடுவம்" என்றார். மற்றப் பருவங்களுக்குப் படம் இருக்கிறது. இலையுதிர்காலத்துக்கு மட்டும் இல்லை. அதற்காக ஒக்ரோபர் தொடக்கத்தில் கோயில் ஆட்கள் வடக்கே அல்கொன்குயின் காட்டுப் பக்கம் இரண்டு நாள் காரில் போகிறார்கள். படம் கழுவும் கடையில் வேலைசெய்கிறவள் என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஐந்து வருடமாக மற்றவர்கள் எடுத்த சிவப்பு இலைகளைக் கழுவி உறையில் போட்டுக் கொடுக்கிறேன், மச்சாள். ஒரு காட்டைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. வின்சன்றும் நானும் ஒவ்வொரு வருடமும் "வாற வருசம்" என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டோம்.

போகட்டுமா?

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.
அன்பு மறவாத
எமில்டா


கொட்டாஞ்சேனை, கொழும்பு
17.09.1998

அன்புள்ள எமில்டா,

கடிதம் கண்டேன். முழங்கால் இருந்தபடியே இருக்கிறது. கீழ் அறை அடுத்த மாதம் கிடைக்கும் என்று இராசரத்தினத்தாரின் மனைவி சொன்னா. அவ சொல்லும் அடுத்த மாதம் எப்போது வரும் என்று அவவுக்கே தெரியாது. போன கிழமை, கொழும்பில் தங்கும் எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்யவேண்டிய பொலிஸ் பதிவைப் புதுப்பித்துக்கொண்டேன். வரிசையில் நின்ற பழைய மாணவி ஒருத்தி தன் இடத்தைத் தந்தாள். முப்பத்திரண்டு வருடம் படிப்பித்ததில் கண்ட பலன்.

போகட்டுமா என்று கேட்டிருக்கிறீர். நாற்பத்தொன்பது வயதில் மரம் பார்க்கப் போவதற்கு என்னிடம் உத்தரவு எதற்கு? ஆனாலும் கேட்டது எனக்குப் பிடித்தது. எங்கள் வீட்டுக்கு நீர் வந்த நாளில் இருந்து எதையும் என்னிடம் சொல்லாமல் செய்ததில்லை. தம்பி வின்சன்ற் இறந்த பிறகும் அது மாறவில்லை. நானும் இப்போது உத்தரவு தருகிறேன். போய் வாரும். கம்பளிச் சட்டை இரண்டு கொண்டுபோம். பார்த்ததை எல்லாம் ஒன்றும் விடாமல் எழுதும். நான் கட்டிலில் இருந்தபடி பார்க்கிறேன்.

செபத்துடன்,
மச்சாள் றெஜினா


மோர்னிங்சைட்
08.10.1998

அன்புள்ள மச்சாள்,

வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எழுதத் தொடங்குகிறேன். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் முன்னெப்போதும் இல்லாத சுகம்.

மூன்றாம் தேதி சனிக்கிழமை விடியற்காலை புறப்பட்டோம். அஜக்ஸ் தாண்டும்வரை ஒரே புகார், முன்னால் போகும் காரே தெரியவில்லை. வடக்கே திரும்பி, முப்பத்தைந்தாம் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம் போன பிறகு நிறம் தொடங்கியது. முதலில் அங்கொன்று இங்கொன்று. மின்டன் என்ற ஊர் கழிந்ததும் தெருவின் இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் பற்றி எரிவதுபோல நின்றன. கடையில் மெஷின் பிசகினால் படங்கள் இப்படித்தான் அளவுக்கு மிஞ்சிச் சிவக்கும். உடனே நிறுத்தி நிறக் குமிழைத் திருப்பிச் சரிசெய்வேன். என் கை என்னை அறியாமல் காருக்குள் அந்தக் குமிழைத் தேடியது.

டோர்செற் என்ற இடத்தில் குன்றின்மேல் ஒரு இரும்புக் கோபுரம் இருக்கிறது. முந்தி காட்டுத்தீ தெரிகிறதா என்று பார்க்கக் கட்டியது. ஏறினால் ஏரியும் தீவுகளும் முழுதாகத் தெரியும். படிகள் இரும்புச் சல்லடை. காலுக்குக் கீழே தரை தெரிகிறது. பாதியில் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். "பயமெண்டால் இறங்குவம். கீழையிருந்தும் படம் எடுக்கலாம்" என்று சொன்னது கேட்டது. அப்படிச் சொன்ன பிறகு இறங்க மனம் வரவில்லை. ஏறினேன். மேலே காற்றுக் காதை அடைத்தது. ஏரி நீலம், அதற்குள் சிவப்பும் மஞ்சளுமாகத் தீவுகள். பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குச் செபம் ஒன்றும் வரவில்லை மச்சாள். "ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானம் ஏரிக்கரை மேசையில் மீன் பணிசும் பிளேன்டீயும். ஒரு சின்ன அணில் வந்து பணிசின் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது, உறைப்புப் பட்டதும் போட்டுவிட்டுப் போனது. பிறகு காட்டுக்குள் ஒரு ஏரி. காற்று நின்று தண்ணீர் கண்ணாடியானால்தான் படம் எடுக்கலாமாம். இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். படம் பிடிப்பது என்றால் சும்மா இருந்து பார்ப்பது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை நடந்ததைக் கேளுங்கள். அதே ஏரி. கமரா ஸ்ராண்டில் நிற்கிறது. படம் எடுக்கிறவர் பிளாஸ்கை எடுக்கக் காருக்குப் போய்விட்டார். புகார் மெல்ல விலகுகிறது. அக்கரையில் ஒரு மூஸ், எருமையிலும் உயரமான மான், தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறது. கூப்பிட்டால் ஓடிவிடும். நான் போய் அழுத்திவிட்டேன். ஒரே ஒரு படம். கழுவிப் பார்த்தபோது நல்லாய் வந்திருக்கிறது. ஒக்ரோபர் மாதத்துக்கு அதைத்தான் போடப்போகிறார்கள். என் பெயரும் வரும்!

இதற்குள் மூன்று படங்கள் வைத்திருக்கிறேன். ஏரியில் மூஸ், தெரு, கோபுரப் படியில் நான்.

முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள்.
எமில்டா


கொட்டாஞ்சேனை
28.10.1998

அன்புள்ள எமில்டா,

உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன், இராசரத்தினத்தாரின் மனைவிக்கு ஒரு தரம் சத்தமாகவும் வாசித்தேன். அணில் உறைப்பில் ஓடிய இடத்தில் அவ கண்ணீர் வரச் சிரித்தா. மூஸ் படத்தைக் கட்டிலுக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். அந்தத் தண்ணீரைப் பார்த்தால் இந்தப் புழுக்கத்திலும் குளிர்கிறது. நல்ல படம். தம்பி இருந்திருந்தால் தெருவெல்லாம் கொண்டு திரிந்து காட்டியிருப்பான்.

மூன்று கேள்விகள். கோயில் ஆட்கள் என்றால் எத்தனை பேர் போனீர்கள்? கார் யாருடையது? கோபுரப் படியில் உம்மைப் படம் எடுத்தது யார்?

மற்றும்படி சுகம். மழை தொடங்கிவிட்டது.

செபத்துடன்,
மச்சாள் றெஜினா


மோர்னிங்சைட்
14.11.1998

அன்புள்ள மச்சாள்,

கடிதம் கிடைத்தது. மழைக்குள் வெளியே போய்ச் சளி பிடித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு லேசான தடிமன், வேறொன்றும் இல்லை. இங்கே இலை முழுவதும் கொட்டிவிட்டது. கலண்டர் அச்சுக்குப் போய்விட்டது. கடையில் நத்தார் காலத்து வேலை தொடங்கிவிட்டதால் சனிக்கிழமையும் சில நாள் போகவேண்டி இருக்கிறது.

கோபுரப் படியில் என்னை எடுத்தது ஒரு வெள்ளைக்காரி. கமராவைக் கொடுத்துக் கேட்டதும் எடுத்துத் தந்தாள். நல்ல மனுசி.

பிறகு ஆறுதலாக எழுதுகிறேன்.
எமில்டா


கொட்டாஞ்சேனை
03.12.1998

அன்புள்ள எமில்டா,

உமது தடிமன் மாறியிருக்கும். எனக்கு ஒரு வழியாகக் கீழ் அறை கிடைத்துவிட்டது. ஜன்னலால் கோயில் மணிக்கூடு தெரிகிறது.

மூன்று கேள்வி கேட்டேன். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. அதுவும் பிழை.

அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீர் மேற்படியில் நின்று கீழே பார்த்துச் சிரிக்கிறீர். இருபத்தொரு வருடமாக உம்மைத் தெரியும். கலியாணப் படத்திலும் உதட்டை மூடிக்கொண்டு நின்ற பெண் நீர். முன்பின் தெரியாத ஆளைப் பார்த்து ஒருவரும் அப்படிச் சிரிப்பதில்லை.

கோபித்து எழுதவில்லை. எழுத விரும்பினால் எழுதும்.

மச்சாள் றெஜினா


மோர்னிங்சைட்
15.12.1998

அன்புள்ள மச்சாளுக்கு நத்தார் வாழ்த்துக்கள்.

கலண்டர் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒக்ரோபரைப் பாருங்கள். "படம்: எமில்டா வின்சன்ற்" என்று போட்டிருக்கிறார்கள்.

உங்கள் கடிதம் வந்தது. பதில் எழுதுவேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எமில்டா


மோர்னிங்சைட்
24.01.1999

அன்புள்ள மச்சாள்,

நீங்கள் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். எனக்கு உடம்பு சுகம். மனதுக்குத்தான் ஆறு கிழமையாக இருப்புக்கொள்ளவில்லை. நாலு கடிதம் தொடங்கிக் கிழித்தேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். போனது இரண்டு பேர். கார் அகஸ்ரின் என்பவருடையது. படம் எடுத்ததும் அவர்தான்.

பொய் சொல்லிப் போகவில்லை மச்சாள். பங்கில் இருக்கும் பேனாட்டும் மனைவியும் எங்களோடு வருவதாகத்தான் இருந்தது. அன்று விடிய, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவர்கள் போன் பண்ணினார்கள். கீழே கார் வந்து நிற்கிறது. அகஸ்ரின் இறங்கி நின்று, "நான் தனியப் போய் எடுத்துக்கொண்டு வாறன். நீங்கள் போய்ப் படுங்கோ" என்றார். நான் திரும்பிப் போயிருக்கலாம். ஏறிவிட்டேன். அன்றிரவு தங்கிய மோட்டலில் இரண்டு அறை எடுத்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. சொந்த ஊர் பேசாலை. மனைவி இறந்து பன்னிரண்டு வருடம், பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். பேச்சுக் குறைவு. ஏரிக்கரையில் அந்த இரண்டு மணித்தியாலமும் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் வின்சன்றைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி மாதத்தை உங்களைத் தவிர ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். காற்று நின்று தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. அவர் படத்தை எடுக்கவில்லை. "நீங்கள் சொல்லி முடியுங்கோ" என்றார். அந்த வெளிச்சம் போய்விட்டது. அதனால்தான் மறுநாள் காலை அதே ஏரிக்குத் திரும்பிப் போனோம்.

வீட்டுக்கு வரும் வழியில் தெருவைப் பார்த்தபடி சொன்னார். "அடுத்த கிழமை இலை எல்லாம் கொட்டிப்போடும். இலை இல்லாட்டிலும் எனக்கு உங்களோடை எங்கையாவது போய் நிக்க வேணும்போலை கிடக்கு."

அஜக்ஸ் வந்துவிட்டது. பிறகு, "பனியையும் படம் எடுக்கலாமோ?" என்று கேட்டேன்.

நத்தார் முடிந்ததும் ஒரு நாள் என்னிடம், கலியாணம் செய்வோமா என்று கேட்டார். ஓம் என்றேன். அந்தப் பதிலைச் சொன்ன அன்றிரவு முழுதும் உங்கள் முகம்தான் முன்னால் நின்றது. வெள்ளைக்காரி என்று எழுதியது என் வாழ்க்கையில் உங்களுக்குச் சொன்ன முதல் பொய். மன்னியுங்கள். நான் சந்தோசமாக இருக்கிறேன், மச்சாள். அதை உங்களிடம் மறைத்ததுதான் வேதனை.

எமில்டா


மோர்னிங்சைட்
07.03.1999

அன்புள்ள மச்சாள்,

ஆறு கிழமையாகிவிட்டது. தபால்பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தரம் திறக்கிறேன். ஏசியாவது இரண்டு வரி எழுதுங்கள். சுகமாக இருக்கிறீர்களா என்று தெரிந்தால் போதும்.

எமில்டா


கொட்டாஞ்சேனை
22.03.1999

அன்புள்ள எமில்டா,

சுகமாக இருக்கிறேன். பயப்படவேண்டாம்.

உமது கடிதம் மாசி எட்டாம் தேதி கிடைத்தது. அடுத்த நாள் தம்பியின் நினைவு நாள். பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து கதவைத் திறந்தால் கடிதம் கிடக்கிறது. வாசித்தேன். கோபம் வந்தது. அதை மறைக்கப்போவதில்லை. மறுநாள் பூசையில் என் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இனி அவனுக்காக மன்றாடுவதற்கு நான் ஒருத்திதான் மிச்சம் என்று நினைத்தேன். சுவாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று தெரியாது.

மூன்று பதில் எழுதினேன். முதலாவது முழுக்க வேதாகம வசனம், எனக்கே வாசிக்கப் பிடிக்கவில்லை. இரண்டாவது, பள்ளிக்கூட அதிபருக்கு எழுதுவதுபோல இருந்தது. மூன்றாவது நல்ல கடிதம். "உமது சந்தோசம் எனக்கும் சந்தோசம்" என்று எழுதியிருந்தேன். அது பொய்யும் இல்லை. ஆனால் முடிவில் கையெழுத்து வைக்கும்போது பேனா நின்றுவிட்டது. மச்சாள் என்று எழுதலாமா? தம்பியால் வந்த முறை அது. நீர் இன்னொருவரைக் கட்டினால் நான் உமக்கு யார்? ஒரு பிள்ளையாவது இருந்தால் மாமி என்ற உரிமையில் எழுதலாம். அதுவும் இல்லை.

அப்போதுதான் என் கோபம் எதிலே என்று தெரிந்தது. தம்பியை நீர் மறந்துவிட்டீர் என்று இல்லை. ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் அவன் பக்கத்தில் கதிரையில் இருந்தவள் நீர். நானா அவனுக்காக உம்மிடம் கணக்குக் கேட்பது? எனக்குப் பயம், எமில்டா. அவ்வளவுதான். எனக்குக் கடிதம் எழுதுகிற ஆள் உலகத்தில் நீர் ஒருத்திதான். உம்மையும் புதுக் குடும்பம் கொண்டுபோய்விட்டால் தபால்காரன் இந்த வாசலில் நிற்கவேண்டிய தேவையே இல்லை.

அறுபத்தொரு வயதுக்காரி இப்படி எழுதுவது வெட்கம். ஆனாலும் நீர் உண்மை எழுதிய பிறகு நான் வேறு எதையாவது எழுதினால் அது சரியில்லை.

கலியாணத்தைச் செய்யும். நான் தடை சொல்லவில்லை. அந்த மனிதன் நல்ல வெளிச்சத்தை விட்டுவிட்டு உமது கதையைக் கேட்டிருக்கிறார். அது எனக்குப் போதும்.

றெஜினா


மோர்னிங்சைட்
05.04.1999

மதிப்புக்குரிய றெஜினா அக்காவுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துக்கள். தங்கள் முழங்கால் வருத்தம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் பெயர் அகஸ்ரின். கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் ரீச்சர் என்ற முறையில் திருத்துங்கள்.

தாங்கள் எழுதிய கடைசிக் கடிதத்தை எமில்டா எனக்கு வாசித்துக் காட்டினா. பாதியில் அழுதுவிட்டா. மிச்சத்தை நான்தான் வாசித்தேன். தங்கள் கடிதத்தை நான் வாசித்தது அந்த ஒரு தரம்தான். இனியும் எடுத்து வாசிக்கமாட்டேன். அது உங்கள் இருவருக்கும் உரியது.

நான் தங்களிடம் சம்மதம் கேட்டு எழுதவில்லை. அது முறை இல்லை என்று தெரியும், ஆனால் எமில்டா ஏற்கெனவே ஓம் சொல்லிவிட்டா. நான் எழுதுவது வேறு காரியம். தங்கள் பதில் வராத நாளெல்லாம் அவவைப் பார்த்தேன். சாப்பாடு இல்லை. கடையில் இரண்டு பேரின் படங்களை மாற்றிக் கொடுத்து ஏச்சு வாங்கினா. தங்கள் கடிதம் நின்றால் எனக்குக் கிடைப்பது பாதி எமில்டாதான். எனக்கு முழு ஆள் வேண்டும். ஆனபடியால் தயவுசெய்து எழுதிக்கொண்டே இருங்கள்.

வைகாசி பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, எங்கள் கோயிலில் சின்னதாகக் கலியாணம். அன்று காலை வின்சன்றுக்காக ஒரு பூசை கேட்டிருக்கிறேன். எமில்டாவுக்கு நேற்றுத்தான் சொன்னேன்.

இப்படிக்கு,
அ. அகஸ்ரின்

மச்சாள், இவர் என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டாமல் ஒட்டப் பார்த்தார். பறித்து வாசித்துவிட்டேன். நான் வேறொன்றும் எழுதத் தேவையில்லை. எமில்டா.


கொட்டாஞ்சேனை
26.04.1999

அன்புள்ள எமில்டா,

கலியாணத்துக்கு முன் இது உமது கையில் கிடைக்கவேண்டும் என்று காலையிலேயே தபாற்கந்தோருக்கு நடந்து போகப்போகிறேன். முழங்கால் இன்று சொல்வழி கேட்கிறது. நீர் ஒழுங்காகச் சாப்பிடும். கலியாணப் பெண் கன்னம் ஒட்டி நிற்கக்கூடாது.

அவருடைய கடிதத்தில் எழுத்துப்பிழை நாலு. திருத்தி அனுப்பத்தான் நினைத்தேன், பிறகு அப்படியே வைத்துக்கொண்டேன். வின்சன்றுக்குப் பூசை என்ற வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றவேண்டி வந்துவிட்டது. அன்று அதே நேரத்தில் நானும் இங்கே கோயிலில் இருப்பேன். நேர வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். உங்களுக்குக் காலை, எனக்குப் பின்னேரம்.

நேற்று இராசரத்தினத்தாரின் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"உங்கடை தம்பியின்ரை மனுசியே, ரீச்சர்?"

"ஓம், என்ரை மச்சாள்தான்."

"அப்ப அவ இனியும் உங்களுக்கு மச்சாளே?"

"இருபத்திரண்டு வருசமாய் மச்சாள். இனி என்னெண்டு அதை மாத்திறது?"

அவ விடவில்லை. நாடியில் கையை வைத்து யோசித்துவிட்டு, "சரி, அப்பிடியெண்டால் அவவைக் கட்டப்போற அந்த மனுசன் உங்களுக்கு என்ன முறை?" என்றா.

எனக்கும் அது வரைக்கும் அந்த யோசனை வரவில்லை. ஆனால் வாயில் பதில் தானாக வந்துவிட்டது.

"மச்சாளின்ரை புருசன் ஆர்? தம்பிதானே."

அவ சிரிக்கத் தொடங்கிவிட்டா. எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரித்து முடிந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

கலியாணம் முடிந்ததும் எங்கே புறப்படுகிறீர்கள் என்று எழுதும். தம்பியைக் காரை மெல்ல ஓட்டச் சொல்லும்.

என்றும்
மச்சாள் றெஜினா